சமையல்கட்டில் ஒரு கிணறு

அத்தியாயம் 11

போன வாரம் டெலிபோன் மணி அடித்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதை எடுத்தது பொன்னுரங்கம். "ஆங்", "சரிங்க", "ரொம்ப சந்தோஷங்க" என்று மட்டும் பேசினார். வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துக்காரங்க கை நனைக்க வர்றாங்களாம்."

"நல்ல விஷயந்தானே?"

"ஒங்க தங்கச்சி கையை ஒருவாட்டி நெனச்சிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

நினைத்துப் பார்த்தேன். நானும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இடையில் ஊருக்குப் போய்விட்டு வந்த வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பொன்னுரங்கம் என் தங்கச்சி தைலம்மாளின் புருஷன். சர்க்கரை ஆலையில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மகள் இசைவாணி, பண்ருட்டியில் கணக்கு டீச்சர். சிதம்பரம் திருநாவுக்கரசுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவளுக்கும் அவனை. ஜாதகங்களுக்கும் ஒன்றையொன்று பிடித்துவிட்டது. பாக்கி இருந்தது சோறு.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டில் காப்பி குடிப்பார்கள், கேசரி தின்பார்கள், மிக்சரை மடியில் சிந்துவார்கள். சோற்றில் மட்டும் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்பந்தம் உறுதி. இலையில் உட்காரும்போது யாரோ. எழுந்து கை கழுவும்போது சம்பந்தி. அந்த முதல் கரண்டிச் சோற்றைப் பெண்ணைப் பெற்றவள்தான் போட வேண்டும்.

சிக்கல் அந்தக் கரண்டியில்தான் இருந்தது.

தானே புயலைப் பற்றிக் கடலூரில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். நான் மிகைப்படுத்திச் சொல்கிறவன் இல்லை. எங்கள் தெரு முருங்கை மரம் வேரோடு கிளம்பி, இரண்டு வீடு தள்ளிப் போய், நிமிர்ந்து நின்றது. மாசியில் அங்கேயே காய்த்தது. காய் யாருக்குச் சேரும் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதே காற்றில் தைலம்மாள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு அவள் வலது கையோடு சாத்திக்கொண்டது.

எலும்பு சேர்ந்தது. விரல்கள்தான் திரும்பி வரவில்லை. அந்தக் கை இப்போது எதையும் பிடிக்காது, முறுக்காது. முழங்கை மடிப்பில் எதையாவது மாட்டினால் தொங்கவிட்டுக்கொள்ளும். அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்த அன்று அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னது பொன்னுரங்கம். "வாதம்னு நெனைப்பாங்க. பரம்பரைன்னு சொல்லுவாங்க. மொதல்ல கை நனையட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்" என்றார். சிதம்பரத்துக்காரர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார்கள்.

நாங்களும் பதிலுக்கு வீடு பார்க்கச் சிதம்பரம் போனோம். தெற்கு வீதிக்குப் பின்னால் நல்ல வீடு. கொல்லைப் பக்கத்து அறை ஒன்று மட்டும் சாத்தியிருந்தது. "அது சாமான் ரூம்" என்றார்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் சாமான்களெல்லாம் பாட்டுக் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

*

"பத்துப் பன்னண்டு அயிட்டமாவது வேணும் தைலு. அவியலு, உசிலி, கூட்டு..."

"அதெல்லாம் நறுக்குற சமையலு. நான் நறுக்காத சமையலு செய்றேன்."

புயலுக்கப்புறம் தைலம்மாளின் சமையல்கட்டே வேறு. அரிவாள்மணை பரணுக்குப் போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு பலகை. அடியிலிருந்து அடித்த இரண்டு ஆணிகள் அதில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காயை அதில் குத்திவிட்டால் ஓடாது. இடது கைக் கத்தி தன் பாட்டுக்கு வேலை செய்யும். பாத்திரம் சுழலாமலிருக்க அடியில் ஈரத்துணி. குக்கரை மூட வேண்டுமென்றால் தரையில் குந்தி, கைப்பிடியைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மூடியை இடது கையால் திருகுவாள். சின்ன வெங்காயத்தை ஊறப் போட்டு வைத்திருப்பாள். ஒரு பிதுக்குப் பிதுக்கினால் அது சட்டையைக் கழற்றிவிட்டு வெளியே வரும்.

அன்று கத்திரிக்காய்க்கு எண்ணெய் தடவி அடுப்புத் தீயிலேயே வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகி வெடித்தது.

அந்த வாடை இசைவாணிக்கு மூக்கில் ஏறிவிட்டது. "யம்மா! கொத்சா? சிதம்பரத்துக்காரங்களுக்கே கொத்சு செஞ்சு போடப் போறியா? அவுங்க பொறந்ததிலேர்ந்து தின்னுக்கிட்டிருக்காங்க."

"அவுங்களுக்குப் புடிக்கும்னு செய்யலடி. என் கைக்குப் புடிக்குதுன்னு செய்றேன். சுட்டா தோலு தானா வந்துடும். மத்தால மசிச்சா முடிஞ்சுது."

உருளைக்கிழங்கு வெந்து கிடந்தது. அதுவும் கத்தி கேட்காத காய். கட்டை விரலால் தள்ளினால் தோல் போய்விடும். ஆணிப் பலகையில் ஏறியது முருங்கைக்காய் மட்டும்தான். அது அந்த இரண்டு வீடு தள்ளிப் போன மரத்தின் காய். எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

கொத்சுக்குத் தனியாவும் மிளகாயும் மிக்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அது கரண்ட் வந்தால் தெருவே கூவுகிற வருஷம். பொன்னுரங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாதிதான் அரைஞ்சிருக்கு. அம்மியில நான் வேணா..."

"கிட்ட வராதீங்க. கொரகொரன்னு இருந்தாத்தான் கொத்சு."

"தேங்காயாவது?"

"அத ஒடைங்க. தேங்கா ஒடைக்கிறது சமையலு இல்ல, சாமி காரியம். ஆம்பளைங்க செய்யலாம்."

இசைவாணி கதவோரம் நின்றபடி, "யம்மா, நான் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிடட்டுமா? எதுக்கு மறைக்கணும்?" என்றாள்.

"நான் எதடி மறைச்சேன்? ஒங்கப்பா மறைக்கிறாரு. நான் சமைக்கிறேன்."

"பரிமாறுறப்ப என்னா பண்ணுவ? எடது கையால சோத்தைப் போட்டா எழுந்து போய்டுவாங்கம்மா."

பொன்னுரங்கம் அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். "ஒங்க அண்ணி பரிமாறட்டும் தைலு. நீ பக்கத்துல சும்மா நில்லு."

தைலம்மாள் கத்திரிக்காயைத் திருப்பிப் போட்டாள். "அண்ணி பொண்ணையா கட்டப் போறாங்க?"

என் வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் இதையெல்லாம் கேட்டிருக்க வேண்டும். அன்று பூராவும் அவள் எட்டிப் பார்க்கவே இல்லை.

*

இனி சமையல்கட்டில் தொங்கிய கிணற்று உருளையைப் பற்றி.

ஒரு கையால் எதையும் சமைத்துவிடலாம், சோறு வடிப்பது மட்டும் நடக்காது. கொதிக்கும் குண்டானைச் சாய்க்க ஒரு கை, மூடியை அழுத்த ஒரு கை. வீட்டு ஆட்களுக்கு மட்டுமென்றால் குக்கரில் வைத்துவிடுவாள். "கை நனைக்க வர்றவுங்களுக்குக் குக்கர் சோறு போட மாட்டேன்" என்று அவள் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

பொன்னுரங்கம் பிட்டர் மூளையை அதில் செலுத்தினார். கொல்லைக் கிணற்றை மூடி போர் போட்டபோது கழற்றி வைத்த இரும்பு உருளையை எடுத்து வந்து சமையல்கட்டு உத்தரத்தில் மாட்டினார். குண்டானை ஒரு இரும்பு வளையத்தில் உட்காரவைத்தார். மூடிக்கு இரண்டு கொக்கி. கயிற்றை இடது கையால் இழுத்தால் குண்டான் பின்பக்கம் எழும்பி முன்னால் சாயும். கஞ்சி கீழே இருக்கும் அண்டாவில் விழும்.

எல்லாம் சரியாக வேலை செய்தது. சத்தம்தான். மிஷின் ஆயில் போட்டால் சோற்றில் சொட்டும். தேங்காய் எண்ணெய் போட்டால் எறும்பு வரும். அதனால் எண்ணெயே போடவில்லை. தைலம்மாள் சோறு வடித்தால் கெடிலம் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் இலை போட்டுவிடுவார்கள்.

*

வாடகைக் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சுப்பிரமணியன் இறங்கினார், அம்மா மங்கலம் இறங்கினார். கடைசியாக இறங்கியது சுப்பிரமணியனின் அக்கா விருத்தாம்பாள். அந்த வீட்டில் சாஸ்திரம் அவர் பொறுப்பு.

"நாலு பேரா வந்திருக்கோம்" என்றார் விருத்தாம்பாள், வாசற்படியிலேயே.

நான் எண்ணிப் பார்த்தேன். மூன்றுதான் வந்தது.

"நல்ல காரியத்துக்கு மூணு பேராக் கெளம்பக் கூடாது பாருங்க. அதனால டிரைவரு பக்கிரியையும் சேத்துக்கிட்டோம். சும்மா இல்ல. வெத்தலைத் தட்டுல அவரும் கை வெச்சுத்தான் வண்டி எடுத்தாரு."

பக்கிரி காரைத் துடைத்துக்கொண்டே எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கூடத்தில் பாய் விரித்துக் குந்தினார்கள். வெயில், கரண்ட், சிதம்பரம் ரயில்வே கேட் என்று பேச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது உள்ளேயிருந்து வந்தது.

கிரீ...ச். கிரீ...ச்.

"என்னா அது சத்தம்?" என்றார் விருத்தாம்பாள்.

"கெணறுங்க" என்றார் பொன்னுரங்கம். வாய் தவறி வந்துவிட்டது. உருளைச் சத்தம் என்றால் அவருக்குக் கிணறுதான்.

"கெணறா? ஊட்டுக்குள்ளாறயா?"

பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார்.

"சமையல்கட்டுலயே இருக்குதுங்க" என்றேன். "மொதல்ல கெணறுதான் இருந்துது. அதைச் சுத்தித்தான் ஊட்டைக் கட்டினாங்க. மழைக்காலத்துல வாளியே வேணாம், குனிஞ்சு சொம்புல மொண்டுக்கலாம். ஒருவாட்டி கெடிலத்துலேர்ந்து ஊத்து வழியா ஒரு கெண்டை மீனு வந்து..."

வந்திருப்பவர்கள் சைவம் என்று அந்த இடத்தில் ஞாபகம் வந்தது. மீனை ஆற்றுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

"கெணத்துத் தண்ணியில பருப்பு நல்லா வேவும்" என்றார் சுப்பிரமணியன். நல்ல மனுஷன்.

மங்கலம் எழுந்தார். "நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"பாசியா இருக்கும்ங்க, வழுக்கும்" என்றார் பொன்னுரங்கம்.

"செருப்பைக் கழட்டிட்டுத்தானே போறேன்."

அதற்கு மேல் பொன்னுரங்கத்திடம் பொய் இருப்பு இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் மங்கலத்தின் நடை வேகமானது.

*

நான் சமையல்கட்டு நிலையருகே போய்ச் சேர்ந்தபோது மங்கலம் உள்ளே நின்றிருந்தார்.

தைலம்மாள் கயிற்றை இடது மணிக்கட்டில் சுற்றி இழுத்துப் பிடித்திருந்தாள். குண்டான் பாதி சாய்ந்திருந்தது. கொக்கியை மட்டும் நம்பாமல், வலது முன்கையை ஒரு துணி போட்டு மூடி மேல் அழுத்தியிருந்தாள். மடங்காத விரல்கள் துணிக்கு வெளியே விறைத்து நின்றன. கஞ்சி விழுந்துகொண்டிருந்தது. கயிற்றை விட முடியாது. முந்தானையை இழுத்துவிட அவளுக்கு வேறு கை இல்லை.

"கெணறு எங்க?" என்றார் மங்கலம்.

"கெணறா?" தைலம்மாளுக்குக் கூடத்தில் நடந்த பேச்சு எதுவும் தெரியாது. "எங்க ஊட்டுல கெணறு ஏதுங்க? அதை மூடி வருஷமாவுது. போர்தான்."

மங்கலம் உருளையைப் பார்த்தார். அவர் பார்வை கயிற்றோடு கீழே வந்து, கையில் நின்றது.

"கையில என்னா?"

"புயல் அன்னைக்குக் கதவு சாத்திக்கிச்சுங்க. வெரலு மடங்காது."

"நாங்க பொண்ணு பாக்க வந்தப்ப?"

"அப்பவுந்தான். முந்தானைக்குள்ள இருந்துது."

என் பக்கத்தில் இசைவாணி வந்து நின்றிருந்தாள்.

"விடுங்க, நான் குண்டானைப் புடிக்கிறேன்" என்று மங்கலம் ஓரடி எடுத்து வைத்தார்.

"வேணாங்க. புடிச்சா எடை மாறிடும். கஞ்சி காலுல கொட்டும்."

மங்கலம் எடுத்து வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். திரும்பவும் மேலே பார்த்தார்.

"இது எவ்ளோ கனம் தாங்கும்?"

"தெரியலீங்களே. மாட்டின அன்னைக்கு அவரே கயித்தைப் புடிச்சுத் தொங்கிப் பாத்தாரு. அப்பறந்தான் குண்டானைக் கட்டினாரு."

அந்த நேரத்தில் கொல்லை வாசலில் ஒரு தலை தெரிந்தது. பக்கிரி.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. எனக்குச் சக்கர வியாதி. நேரத்துக்குச் சாப்புடலன்னா கண்ணு இருட்டிக்கும். திரும்ப வண்டி ஓட்டணும்..."

"உக்காருங்கண்ணே."

தைலம்மாள் கயிற்றை மெல்ல விட்டாள். சோற்றைத் தூக்குவாளியில் அள்ளி, வாளியை வலது முழங்கையில் மாட்டிக்கொண்டாள். இடது கையில் கரண்டி. கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு இலை போட்டுச் சோறு வைத்தாள், கொத்சு வைத்தாள். பக்கிரி எந்தக் கை என்று பார்க்கவில்லை. சோற்றைத்தான் பார்த்தார்.

மங்கலம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்.

"கெணறு எப்படி?" என்றார் விருத்தாம்பாள்.

"ஆழம்" என்றார் மங்கலம்.

*

இலை போட்டோம். பொன்னுரங்கத்துக்கு வேர்த்து ஊற்றியது. கரண்ட் இல்லாததால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

தைலம்மாள் வாளியும் கரண்டியுமாக வந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது. முதல் இலை விருத்தாம்பாளுடையது. இடது கைக் கரண்டி இலைக்கு மேல் வந்ததும் விருத்தாம்பாள் தன் இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே நீட்டினார்.

"இது என்னா எடது கை? நல்ல நாளும் அதுவுமா!"

"வலது கை வேலை செய்யாதுங்க."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க யோசிச்சிருப்போம். எடது கைச் சோத்துல கை நனைக்க முடியாது. சுப்பிரமணி, எழுந்திரு."

சுப்பிரமணியன் பாதி எழுந்தார். பொன்னுரங்கம் முழுக்க எழுந்தார். இசைவாணி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் குடும்பத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

தைலம்மாள் கரண்டியை வாளிக்குள் வைத்தாள்.

"அக்கா, நீங்க எத்தினி பேரு வந்தீங்க?"

"நாலு பேரு. வாசல்லயே சொன்னேனே."

"டிரைவரையும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான். தட்டுல கை வெச்சாரே."

"அந்த நாலாவது ஆளு பின்னாடி சாப்ட்டுக்கிட்டிருக்காரு. நான்தான் போட்டேன், இதே கையால. ஒங்க பக்கம் கை நனைஞ்சாச்சுங்க."

விருத்தாம்பாள் வாயைத் திறந்தார். "டிரைவரு... அது ஒரு கணக்குக்கு..."

"கணக்குல இல்லன்னா நீங்க மூணு பேராத்தானே வந்திருக்கீங்க?"

கணக்கு டீச்சரின் அம்மா என்று நான் அன்றுதான் ஒத்துக்கொண்டேன்.

விருத்தாம்பாள் கொல்லைப் பக்கம் திரும்பி, "ஏம்பா பக்கிரி, சாப்ட்டியா?" என்று கத்தினார்.

"ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டேம்மா!" என்று பதில் வந்தது. "கொத்சு பிரமாதம்! கொரகொரன்னு!"

விருத்தாம்பாள் கையை இலையிலிருந்து எடுக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. மூன்று பேராக வந்த பாவம் பெரிதா, இடது கைச் சோறு பெரிதா என்று அவருக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"மொதல்ல எனக்குப் போடுங்க" என்றார் மங்கலம்.

தைலம்மாள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். ஒரு பருக்கை இலைக்கு வெளியே விழுந்தது. மங்கலம் அந்தப் பருக்கையை எடுத்து இலைக்குள் போட்டுக்கொண்டார். கொத்சை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கம்மி" என்றார்.

பொன்னுரங்கம் தொப்பென்று குந்திவிட்டார். சம்பந்தியம்மா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால் சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். சுப்பிரமணியன் கையை நீட்டி அப்பளம் கேட்டார். விருத்தாம்பாள், பாயசம் வருவதற்குள் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார்.

*

வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. விருத்தாம்பாள் காரில் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பக்கிரியைப் பார்த்து, "இனிமே வெளியூரு போனா மோரு மட்டும் குடி" என்றார். பக்கிரி தலையாட்டிவிட்டு ஏப்பம் விட்டார்.

மங்கலம் ஏறவில்லை. பொன்னுரங்கத்தின் அருகில் வந்து நின்றார்.

"அந்த உருளை. ஒரு ஆளு கனம் தாங்குமா?"

"என் கனம் தாங்கிச்சுங்களே."

"அப்பப் போதும். எங்க ஊட்டுக்கும் ஒண்ணு மாட்டிக் குடுக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடியே."

"மாட்டிடலாம்ங்க! நாளைக்கே வர்றேன்" என்றார் பொன்னுரங்கம். சந்தோஷத்தில் அவருக்கு எதையும் மாட்டத் தோன்றியது. "சமையல்கட்டுலதானே?"

காருக்குள் சுப்பிரமணியன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசைவாணி என்னைப் பார்த்தாள். நான் மங்கலத்தைப் பார்த்தேன்.

"இல்ல" என்றார் மங்கலம், கார்க் கதவைத் திறந்துகொண்டே. "சாமான் ரூம்ல. கட்டிலுக்கு மேல."